அப்பாவின் தூண்டில் பெட்டி: தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்களேன்

கடைக்குட்டி:

எல்லோருக்கும் வணக்கம். அப்பா போன வருடக் கடைசியில் காலமானார். எனக்கு நினைவு தெரிந்ததிலிருந்து தூண்டில் போட்டவர். வேலையில் இருந்தபோது விடுமுறை நாளில் போவார், ஓய்வு பெற்ற பிறகு நினைத்தபோதெல்லாம் போவார். ஏரி, ஆறு, முகத்துவாரம் எதையும் விட்டு வைத்ததில்லை. படுக்கையில் விழுந்த பிறகும் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்து, "இன்னைக்குக் காத்து நல்லா இருக்கு, மீன் மேயும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவருடைய தூண்டில் பெட்டி இப்போது என்னிடம் இருக்கிறது. அண்ணன்கள் இரண்டு பேரும், "நீதானே அவர் பக்கத்துலயே உட்கார்ந்து பேசிக்கிட்டு இருப்ப, நீயே வச்சுக்க" என்று கொடுத்துவிட்டார்கள். சின்ன வயதில் நான் கூடவே போவேன். தூண்டிலைத் தொட்டதில்லை. அப்பாவோடு இருக்கத்தான் போனேன். அதனால் அவர் என்ன செய்வார் என்பது ஒவ்வொன்றும் கண்ணுக்குள் நிற்கிறது, எதற்காகச் செய்தார் என்பது தெரியவில்லை.

பெட்டியில் முள், ஈயக்குண்டு, தக்கை, இரண்டு ரீல், ஒரு சின்னக் குறடு. இதெல்லாம் பார்த்தால் புரிகிறது. ஒரு பழைய மாத்திரை டப்பாவில் பஞ்சு வைத்து, அதன் மேல் வெள்ளையாகச் சில கற்கள் இருக்கின்றன. ஒரு பக்கம் வழவழவென்று மேடு, மறுபக்கம் வளைந்து ஓடும் பள்ளம். பெரியது கட்டைவிரல் நகம் அளவுக்கு இருக்கும். இவை என்ன?

அப்புறம், முள்களின் முனைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் கொடுக்கை எல்லாம் குறடால் நசுக்கி வைத்திருக்கிறார். அது ஏன்? தண்ணீரை ஒட்டி உட்காரவே மாட்டார், நாலு அடி தள்ளித் தரையில் உட்காருவார். நான் எவ்வளவு பேசினாலும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார், ஆனால் எழுந்து ஓடினால் உடனே "ஓடாதேம்மா, உட்கார்" என்பார். அண்ணன்களோ "இவ பேச்சுலதான் மீன் வரலை" என்று என்னைத் திட்டுவார்கள். அப்பா என்னைப் பேச விட்டது செல்லத்தினாலா?

அவர் தண்ணீரைப் பார்த்தபோது என்ன பார்த்தார் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. உங்கள் அப்பாவும் தூண்டில்காரர் என்றால் அவரைப் பற்றியும் எழுதுங்கள். எவ்வளவு நீளமாக இருந்தாலும் படிப்பேன்.

முகத்துவாரம்:

அப்பாவுக்கு என் அஞ்சலி அம்மா. முதலில் அந்தக் கல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அது மீனின் காதுக்கல். மண்டைக்குள், காதுப் பகுதியில் இருக்கும். எலும்புள்ள மீன்கள் எல்லாவற்றுக்கும் உண்டு, ஆனால் பெரும்பாலான மீன்களில் தேடி எடுப்பதே பெரும்பாடு, அவ்வளவு சிறிசு. கத்தாழை வகை மீன்களில்தான் இப்படிப் பெரிதாக இருக்கும். நகம் அளவு என்கிறீர்கள், அப்படியானால் அது கத்தாழையாகத்தான் இருக்கும், மீனும் நல்ல பெரிய மீன். வலது காதுக்கு ஒன்று, இடது காதுக்கு ஒன்று. டப்பாவில் இருப்பதை எல்லாம் ஒரு துணியில் பரப்பி ஜோடி சேர்த்துப் பாருங்கள். ஒரே மீனுடையது என்றால் அளவு ஒத்துப்போகும், வளைவு மட்டும் எதிரெதிர்ப் பக்கம் திரும்பியிருக்கும்.

கத்தாழை குரல் உள்ள மீன். வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையை ஒட்டி ஒரு தசை உண்டு, அதை அதிர வைத்துக் கொர் கொர் என்று சத்தம் போடும். இனப்பெருக்கக் காலத்தில் கூட்டமாகச் சேர்ந்து கத்தும்போது மேலே படகில் இருப்பவனுக்கே கேட்கும். என் அப்பா துடுப்பைத் தண்ணீருக்குள் இறக்கி, மேல் நுனியில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். கொஞ்ச நேரம் கழித்துக் கையைக் காட்டுவார், அந்தப் பக்கம் படகைத் திருப்புவோம். ஒரு நாள் என்னையும் கேட்கச் சொன்னார். எனக்குக் காதில் ஒன்றும் விழவில்லை. "பல்லைக் கட்டையில் வை" என்றார். வைத்தேன். தாடை முழுக்க அதிர்ந்தது. அவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்றைக்கும் அப்படியே இருக்கிறது எனக்கு.

உங்கள் அப்பா ஏன் அந்தக் கல்லை எடுத்து வைத்தார் என்று அவரோடு போன யாராவது இருந்தால் கேளுங்கள். சும்மா எடுத்து வைக்கிற பொருள் இல்லை. மண்டையைப் பக்குவமாகத் திறந்தால்தான் உடையாமல் வரும்.

விலங்கியல் வாத்தியார்:

முகத்துவாரம் ஐயா சொன்னதோடு கொஞ்சம் சேர்க்கிறேன். பள்ளியில் உயிரியல் நடத்தியவன், என் அப்பாவும் தூண்டில்காரர்தான்.

காதுக்கல் என்பது கால்சியம் கார்பனேட். மீன் வளர வளர அதன் மேல் அடுக்கடுக்காகப் படிந்துகொண்டே வரும். அதை மெல்லிதாக அறுத்துத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தால் மரத்தின் வளையங்கள் போல வட்டங்கள் தெரியும். 1899லேயே இதை வைத்து மீனின் வயதைக் கணக்கிட்டிருக்கிறார்கள். 1971ல் இன்னொன்று தெரியவந்தது: வருடத்துக்கு ஒன்று என்று போடும் வளையம் தவிர, நாளுக்கு ஒன்றாக மிக நுண்ணிய வளையங்களும் இருக்கின்றன. குஞ்சு மீனின் கல்லை எடுத்தால், அது பிறந்து எத்தனை நாள் என்றே எண்ணிவிடலாம். உங்கள் டப்பாவில் இருக்கும் ஒவ்வொரு கல்லிலும் ஒரு மீனின் முழு வாழ்க்கையும் பதிந்திருக்கிறது.

இப்போது உங்கள் பேச்சு விஷயம். இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. உங்கள் அப்பா சரியாகத்தான் செய்தார், அண்ணன்கள் சொன்னதுதான் தவறு. காற்றில் வரும் ஒலி நீர்ப்பரப்பில் பட்டால் ஏறக்குறைய முழுவதும் மேலேயே திரும்பிவிடும். ஆயிரத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் தண்ணீருக்குள் போகும். காற்றும் தண்ணீரும் அடர்த்தியில் அவ்வளவு வேறுபட்டவை. நீங்கள் கரையில் உட்கார்ந்து கதை சொன்னாலும் பாட்டுப் பாடினாலும் கீழே இருக்கும் மீனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

ஓடுவது அப்படி இல்லை. காலடி அதிர்வு மண் வழியாக நேராகத் தண்ணீருக்குள் இறங்கும். மீனுக்கு உள்காது இருக்கிறது, அதோடு உடம்பின் இரு பக்கமும் தலையிலிருந்து வால் வரை நுண்துளைகளாக ஓடும் பக்கக்கோடும் இருக்கிறது. தண்ணீரில் நடக்கும் சின்ன அசைவைக்கூட அந்தக் கோடு உணர்ந்துவிடும். கரையில் யாரோ தடதடவென்று வருகிறார்கள் என்றால் மீன் ஆழத்துக்குப் போய்விடும்.

செல்லம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் பேச்சால் ஒரு மீனும் போகவில்லை, அது அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

கடைக்குட்டி:

ஐயா, இதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுத முடியவில்லை. உங்கள் பதிவை அப்படியே அண்ணன்களுக்கு அனுப்பியிருக்கிறேன். பிறகு வருகிறேன்.

ஏரிக்கரை:

நான் ஏரி, குளம் பக்கம் தூண்டில் போடுகிறவன். எனக்குக் கற்றுக்கொடுத்தது என் அப்பா. மீதிக் கேள்விகளுக்கு நான் பதில் சொல்கிறேன் தோழி.

தள்ளி உட்கார்ந்தது மீன் கண்ணில் படாமல் இருக்க. தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வெளி உலகம் ஒரு வட்டத்துக்குள்தான் தெரியும். ஒளி தண்ணீரில் நுழையும்போது வளைவதால் வருவது அது. அந்த வட்டத்தின் ஓரத்தில் தெரிவதெல்லாம் நசுங்கி மங்கலாகத் தெரியும். கரை விளிம்பில் எழுந்து நின்றால் வட்டத்துக்குள் நன்றாகத் தெரிவோம், நாலு அடி தள்ளித் தரையோடு உட்கார்ந்தால் ஏறக்குறைய தெரியவே மாட்டோம். என் அப்பா இதற்கும் மேலே ஒன்று செய்வார், நிழல் தண்ணீரில் விழாத பக்கமாகப் பார்த்துத்தான் உட்காருவார். வெயில் கண்ணைக் கூசினாலும் சரி.

முள்ளின் கொடுக்கை நசுக்குவது, பிடித்த மீனைத் திரும்ப விடுகிறவர்கள் செய்வது. கொடுக்கு இருந்தால் முள்ளைக் கழற்றும்போது வாய் கிழியும். நசுக்கிவிட்டால் விரலால் லேசாகத் திருப்பினாலே வந்துவிடும். நரம்பை, அதாவது தூண்டில் நூலை, தொய்ய விட்டால் மீன் நழுவிப் போய்விடும், அதையும் தெரிந்தேதான் செய்திருக்கிறார். உங்கள் அப்பா மீனைத் தொடுவதற்கு முன்னால் கையைத் தண்ணீரில் நனைப்பாரா? நனைத்திருப்பார் என்று நினைக்கிறேன். மீன் மேல் ஒரு வழவழப்பு இருக்குமே, அதுதான் அதற்குக் காப்பு, கிருமி அண்டாமல் பார்த்துக்கொள்வது. காய்ந்த கையால் பிடித்தால் அது உரிந்து வந்துவிடும்.

என் அப்பாவிடம் ஒரு விஷயம் கேட்கவே கேட்காமல் பழகிக்கொண்டேன். அவருக்கு விரால் என்றால் உயிர். விரால் இருக்கும் இடம் தேடி அல்லிக்கொடி ஓரமாக மெதுவாக நடந்துகொண்டே போவார். திடீரென்று ஒரு இடத்தில் நின்று தூண்டிலைச் சுற்றிக் கட்டிவிடுவார். "அப்பா, இங்கதானே இருக்கும்?" என்றால், "இருக்கு, வா போகலாம்" என்பார். தண்ணீருக்கு மேலே பார்த்தால் சிவப்பாகக் கொப்பளித்துக்கொண்டிருக்கும். அத்தனையும் விரால் குஞ்சு. விரால் செவுளால் மட்டும் சுவாசிப்பதில்லை, மேலே வந்து காற்றும் குடிக்க வேண்டும். குஞ்சுகள் கூட்டமாக மேலே வரும்போது அடியில் பெரிய விரால் காவலுக்கு நிற்கும். பெரும்பாலும் ஆண்தான், அதாவது அப்பா. அந்த நேரம் எதைப் போட்டாலும் பாய்ந்து கடிக்கும், பசியில் இல்லை, குஞ்சுக்கு ஏதோ ஆபத்து என்று. பிடிப்பது ரொம்பச் சுலபம். அதனாலேயே என் அப்பா போட மாட்டார். பிடித்துக்கொண்டு போய்விட்டால் அவ்வளவு குஞ்சையும் கெளுத்தியும் கொக்கும் முடித்துவிடும்.

அவர் இதை எனக்குப் பாடமாகச் சொன்னதில்லை. நின்றார், சுற்றிக் கட்டினார், நடந்தார். எனக்குப் பிள்ளை பிறந்த பிறகு ஒரு நாள் அதே மாதிரி ஒரு சிவப்புக் கூட்டத்தைப் பார்த்தேன். என் கை தானாக நரம்பைச் சுற்ற ஆரம்பித்தது.

மழைக்காகம்:

இந்த இழையில் இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். கடைக்குட்டி "எவ்வளவு நீளமாக இருந்தாலும் படிப்பேன்" என்று எழுதியதால் சொல்கிறேன்.

என் அப்பாவுக்கும் தூண்டில்தான் எல்லாம். அவர் மேல் எனக்கு அவ்வளவு பாசம். ஆனால் அவர் தூண்டில் போடுவது எனக்குக் கடைசி வரை பிடிக்கவில்லை. மீன் கரையில் துள்ளுவதைப் பார்த்தால் எனக்கு அழுகை வரும். அவர் "அதுக்கு வலிக்காதுப்பா" என்பார். 2003ல் லின் ஸ்னெடன் என்பவரும் அவருடைய சகாக்களும் ட்ரவுட் மீனை வைத்துச் செய்த ஆய்வைப் பின்னாளில் படித்தேன். தலையில், வாயைச் சுற்றி, காயத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. உதட்டில் அமிலம் செலுத்தப்பட்ட மீன்கள் இரை எடுக்காமல் கிடந்தன, அடியில் கிடந்த சரளைக்கல்லில் உதட்டைத் தேய்த்துக்கொண்டன. அதற்கு எதிராகப் பேசுகிற விஞ்ஞானிகளும் இருக்கிறார்கள். மீன் மூளையில் நம்முடையது மாதிரிப் புறணி (மூளையின் மேலடுக்கு) இல்லை, ஆகவே அது வெறும் அனிச்சை, நாம் உணரும் வலி இல்லை என்பது அவர்கள் வாதம். எனக்கு முதல் தரப்பில்தான் நம்பிக்கை.

அவர் போன பிறகு எல்லோரும் "மீன்பிடிப்பில் எவ்வளவு சந்தோஷமா இருந்தாரு" என்று பேசும்போது நான் மட்டும் அதில் கலந்துகொள்ள முடியாமல் நிற்கிறேன். அவருடைய பொறுமை எனக்குப் பிடிக்கும், விடியலில் அவர் கிளம்பும் அழகு பிடிக்கும், வீட்டுக்கு வந்து என்னிடம் தண்ணீரைப் பற்றிப் பேசுவது பிடிக்கும். முள் மட்டும் பிடிக்காது. இப்படிப் பாதியாகப் பிரித்து ஒருவரை நினைக்கலாமா என்று தெரியவில்லை.

முகத்துவாரம்:

தம்பி, நினைக்கலாம். முழுசாக ஒத்துப்போகிற அப்பாவும் பிள்ளையும் எந்த வீட்டில் இருக்கிறார்கள்? உங்கள் அப்பா வந்து உங்களிடம்தான் தண்ணீரைப் பற்றிப் பேசினார் என்கிறீர்கள். பிடிக்காத பிள்ளை என்று தெரிந்துதான் பேசியிருக்கிறார்.

வலி விஷயத்தில் எனக்கும் உங்கள் பக்கம்தான் மனசு போகிறது. அதனால்தான் இப்போது வேண்டிய அளவுக்கு மட்டும் பிடிக்கிறேன், பிடித்ததை உடனே தலையில் அடித்து முடித்துவிடுகிறேன், துடிக்க விடுவதில்லை.

ஏரிக்கரை:

மழைக்காகம், நீங்கள் எழுதியது நல்லதாகப் போயிற்று. பிடித்து விடுவதிலும் மீனுக்குப் பாதிப்பு இல்லை என்று சொல்ல முடியாது. கோடையில் நான் போவதையே குறைத்துக்கொண்டேன். தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறைந்துபோகும். உறையும் நிலையில் இருக்கும் நல்ல தண்ணீர் லிட்டருக்கு 14 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும், 30 டிகிரி வெப்பத்தில் அது ஏழரை மில்லிகிராமுக்கு வந்துவிடும். அந்தத் தண்ணீரில் போராடிக் களைத்த மீன், விட்ட பிறகும் பிழைப்பது கஷ்டம். உச்சி வெயிலில் போகக்கூடாது என்று என் அப்பா சொன்னதற்கு மீன் கடிக்காது என்பதுதான் காரணம் என்று நினைத்திருந்தேன். இதுவும் சேர்ந்துதான் இருந்திருக்கும்.

உப்புக்காற்று:

என் அப்பா சொந்தக்காரர் யாரிடமும் அதிகம் பேசாதவர். அவர் அறையில் நாள்காட்டித் தாள்களைக் கிழித்துப் போடாமல் கட்டி வைத்திருந்தார். ஒவ்வொரு தேதிக்குக் கீழேயும் பென்சிலால் நேரம் எழுதியிருக்கும், ஒரு நாளைக்கு இரண்டு. மாத்திரை நேரம் என்று அம்மா நினைத்திருந்தார். எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது, மாத்திரை ஒரே நேரத்துக்குத்தானே போடுவார்கள்? இது தினமும் நகர்ந்துகொண்டே போனது. இன்றைக்கு ஆறு மணி என்றால் நாளைக்கு ஆறே முக்கால், ஆறு ஐம்பது.

கடல் ஏற்றம்! நிலா பூமியைச் சுற்றி நகர்ந்துகொண்டிருப்பதால் ஏற்றம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளித்தான் வரும். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவே 12 மணி 25 நிமிடம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய தேதிகளில் பென்சிலை அழுத்தி எழுதியிருந்தார், அப்போதுதான் ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும். கால் முடியாமல் வீட்டோடு இருந்த வருடங்களிலும் எழுதியிருக்கிறார். கடலுக்குப் போகவில்லை, ஆனால் தண்ணீர் எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்பதைக் கணக்கு வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

அந்தத் தாள்களை அம்மா இப்போது தன் பீரோவில் வைத்திருக்கிறார். என்னிடம்கூடத் தருவதில்லை.

பழைய ரீல்:

ரீல், கம்பு பழுது பார்ப்பது என் வேலை. அப்பாக்களின் பொருளைக் கொண்டுவருகிறவர்களிடம் சொல்வதை இங்கேயும் சொல்கிறேன், கடைக்குட்டிக்கு உதவும்.

ரீலில் இழுவையைக் கட்டுப்படுத்தும் திருகு இருக்கும், அதை முழுக்கத் தளர்த்தி வையுங்கள். இறுக்கமாகவே கிடந்தால் உள்ளே இருக்கும் வளையங்கள் நசுங்கி ஒட்டிக்கொள்ளும். உப்புத் தண்ணீருக்குப் போன ரீல் என்றால் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துக் காய வையுங்கள், குழாயைத் திறந்து பீய்ச்சாதீர்கள், உப்பு உள்ளே போய்விடும். அவர் சுற்றி வைத்த பழைய நரம்பை நினைவுக்காக வைத்துக்கொள்ளலாம், மீன் பிடிக்கப் பயன்படுத்த வேண்டாம். நைலான் வெயில் பட்டுப் பட்டு வலு இழந்திருக்கும். எறிந்தால் அறுந்து முள்ளோடு தண்ணீரில் கிடக்கும். நைலான் மட்கவும் மட்காது, பறவை காலில் சுற்றிக்கொண்டால் அதோ கதிதான். நல்ல தூண்டில்காரர் என்றால் சட்டைப் பையில் அறுந்த நரம்பு ஒரு உருண்டை எப்போதும் இருக்கும், வீட்டில் துவைக்கிறவர்கள் சத்தம் போடுவார்கள்.

முக்கியமாக அந்த ஈயக்குண்டு. பெரியவர்கள் அதைப் பல்லால் கடித்து நரம்பில் இறுக்குவார்கள். என் அப்பாவும் கடிப்பார். செய்யாதீர்கள், ஈயம் விஷம். தொட்ட பிறகு கை கழுவுங்கள், குழந்தை கையில் கொடுக்காதீர்கள். தண்ணீரில் சிந்திக் கிடந்த சின்ன ஈயக்குண்டுகளை விழுங்கி அன்னங்கள் செத்துப்போனதால் பிரிட்டனில் 1987லேயே அதைத் தடை செய்துவிட்டார்கள். இப்போது வேறு உலோகத்தில் கிடைக்கிறது.

சுமைதாங்கி:

என் அப்பா இருக்கிறார். ஆனால் மறதி நோய் முற்றிவிட்டது. என் பெயர் தெரியாது, என்னைத் தன் தம்பி என்று நினைக்கிறார், சில நாள் அதுவும் இல்லை. இந்த இழையைப் படித்ததும் எழுதத் தோன்றியது.

ஒரு நாள் ஏதோ யோசனையில் பழைய நரம்புத் துண்டு ஒன்றையும் ஒரு சாவி வளையத்தையும் அவர் மடியில் வைத்தேன். கொஞ்ச நேரம் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு நரம்பை வளையத்துக்குள் நுழைத்தார். நுனியைத் திருப்பி, நரம்பின் மேலேயே வரிசையாகச் சுற்றினார். வளையத்தை ஒட்டி விட்டிருந்த சின்ன இடைவெளியில் நுனியைக் கோத்தார். இழுக்கவில்லை. முடிச்சை வாய்க்குக் கொண்டுபோய் எச்சில் தொட்டு நனைத்தார், அப்புறம்தான் மெதுவாக இழுத்து இறுக்கினார். மீதி நுனியைப் பல்லால் கடித்துத் துப்பினார். என்னிடம் நீட்டி, "இந்தா, போடு" என்றார்.

எச்சில் எதற்கு என்று எனக்கு அவர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். காய்ந்த நரம்பை இறுக்கினால் உரசிச் சூடாகி அந்த இடத்தில் வலு போய்விடும். என் பெயர் போய்விட்டது, அந்த எச்சில் போகவில்லை.

விலங்கியல் வாத்தியார்:

சுமைதாங்கி, உங்கள் அப்பாவின் கை செய்ததற்கு மூளைக்குள்ளேயே காரணம் இருக்கிறது. பெயர், முகம், நடந்த சம்பவம் இவற்றின் நினைவு ஒரு வழியில் பதிகிறது, கைப்பழக்கம் வேறு வழியில் பதிகிறது. ஹென்றி மொலைசன் என்பவருக்கு 1953ல் வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். அதற்குப் பிறகு அவரால் புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரைக் கண்ணாடியில் மட்டும் பார்த்து நட்சத்திரம் ஒன்றை வரையச் சொன்னார். ஒவ்வொரு நாளும் அவர் கை தேறிக்கொண்டே போனது, ஆனால் முந்தின நாள் வரைந்ததே அவருக்குத் தெரியாது. மறதி நோயிலும் பல பேருக்குக் கைப்பழக்கம் மற்றதை விட நீண்ட நாள் நிற்கும்.

நரம்பைக் கொடுத்துக்கொண்டே இருங்கள். முள் வேண்டாம், வளையம் போதும். கூட இருக்கும்போது மட்டும் கொடுங்கள்.

சுமைதாங்கி:

கொடுக்கிறேன் ஐயா. இப்போது அவர் கட்டிய முடிச்சுகளை ஒரு பாட்டிலில் போட்டு வைக்கிறேன். நேற்றுப் பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒன்று கட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு அவிழ்த்துப் போட்டுவிட்டு, திரும்பக் கட்டு என்று கையைக் காட்டினார்.

கடைக்குட்டி:

தாமதத்துக்கு மன்னியுங்கள். எல்லாப் பதிவையும் படித்தேன், சிலவற்றைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

கற்களைத் துணியில் பரப்பினேன். முகத்துவாரம் ஐயா சொன்னபடியே எல்லாம் ஜோடி ஜோடியாகச் சேர்ந்தன, ஒன்றே ஒன்று மட்டும் தனியாக நின்றது. அப்பாவோடு வழக்கமாகப் போகும் நண்பரைப் போனில் பிடித்தேன். மாமா என்றுதான் கூப்பிடுவேன். "அது வயசு சொல்ற கல்லும்மா. உடைச்சுப் பார்த்தா தெரியும்னு உங்கப்பாகிட்ட யாரோ சொல்லியிருக்காங்க. உடைக்க மனசு வரலை. பேரப்பிள்ளைங்க பெருசானா பள்ளிக்கூடத்துல நுண்ணோக்கியில வச்சுப் பார்ப்பாங்கன்னு எடுத்து வச்சாரு" என்றார். அந்தத் தனிக் கல்லைப் பற்றி அவருக்கும் தெரியவில்லை. அதற்கப்புறம் ஒரு மணி நேரம் பேசினார். கை நனைப்பது, நரம்பு உருண்டை, ஏரிக்கரை அண்ணா சொன்ன விரால் குஞ்சு, எல்லாம் வந்தது. அப்பா குஞ்சுக் கூட்டத்தைப் பார்த்தால் இந்த மாமாவையும் தூண்டில் போட விட மாட்டாராம். இரண்டு பேருக்கும் இதில் சண்டைகூட வந்திருக்கிறது.

பெரியண்ணன் வாத்தியார் ஐயாவின் பதிவைப் படித்துவிட்டுக் கூப்பிட்டார். "அவ்வளவு வருஷம் உன்னைத் திட்டினோம், அப்பா ஒரு தடவைகூட எங்களுக்கு விளக்கிச் சொல்லலையே" என்றார். நான் ஒரு காரணம் வைத்திருக்கிறேன். சொல்லியிருந்தால் அண்ணன்களும் பேச ஆரம்பித்திருப்பார்கள். அப்பாவுக்கு அந்த நேரத்தில் என் பேச்சு மட்டும் போதும் என்று இருந்திருக்கும். இது நானாக வைத்துக்கொண்டது, யாரும் மாற்ற வேண்டாம்.

மழைக்காகம், உங்கள் பதிவு என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. அதனால் இது உங்களுக்கும் சேர்த்து: பெரியண்ணன் மகள் பத்து வயதுக்காரி, தாத்தாவின் தூண்டிலோடு ஏரிக்குப் போக வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். மாமா அழைத்துப் போகிறேன் என்கிறார், நானும் போகிறேன். கொடுக்கு நசுக்கிய முள்தான், சின்ன மீன்தான், நனைத்த கையால் பிடித்து விட்டுவிடுவோம். உங்களுக்கு இது முழுச் சம்மதமாக இருக்காது என்று தெரியும். முகத்துவாரம் ஐயா உங்களுக்குச் சொன்ன பதிலை நானும் எடுத்துக்கொள்கிறேன்.

குழந்தைக்கு எந்த முள், எப்படிக் கட்டுவது, ஆழம் எவ்வளவு? மாமாவுக்குத் தெரியும், ஆனால் நானும் தெரிந்துகொண்டு போக ஆசைப்படுகிறேன்.

மழைக்காகம்:

போய் வாருங்கள். வந்து எழுதுங்கள், படிப்பேன்.

ஏரிக்கரை:

குழந்தைக்கு ரீல் வேண்டாம், சிக்கெடுக்கவே நேரம் போய்விடும். அவள் உயரத்தைப் போல இரண்டு மடங்கு நீளத்தில் இலேசான கம்பு, அதே நீளத்துக்குப் புது நரம்பு. முள் 10 அல்லது 12ஆம் எண். எண் கூடக் கூட முள் சின்னதாகும், கடையில் மாற்றிக் கொடுத்துவிடப் போகிறார்கள். சிறு கெண்டைக்கு அது போதும். இரைக்கு மண்புழுத் துண்டு, இல்லையென்றால் பட்டாணி அளவுக்கும் சின்னதாக உருட்டிய மாவு.

முடிச்சு சுமைதாங்கியின் அப்பா கட்டியதேதான். ஐந்தாறு சுற்று, எச்சில், மெதுவாக இழுப்பது.

ஆழத்தை முதலில் அளந்துவிடுங்கள். முள்ளில் கனமான குண்டு ஒன்றை மாட்டி இறக்குங்கள். தக்கை முழுசாக முங்கிப்போனால் தண்ணீர் நீங்கள் வைத்ததை விட ஆழம், தக்கையை நரம்பில் மேலே ஏற்றுங்கள். தக்கை படுத்துக்கொண்டால் நரம்பு அதிகம், கீழே இறக்குங்கள். தக்கை நிமிர்ந்து நுனி மட்டும் தெரிந்தால் அதுதான் சரியான ஆழம். குண்டைக் கழற்றிவிட்டு, அதிலிருந்து ஒரு சாண் குறைத்து வைத்துப் போடுங்கள். தக்கை துள்ளும்போது இழுக்கக்கூடாது, அது மீன் மோந்து பார்ப்பது. பக்கவாட்டில் நகர்ந்தாலோ முங்கினாலோ மணிக்கட்டை மட்டும் லேசாகத் தூக்கச் சொல்லுங்கள், கொடுக்கு இல்லாத முள் என்பதால் நரம்பு தொய்யாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குழந்தைக்குத் தொப்பியும் கண்ணாடியும் போட்டுவிடுங்கள், முள் எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது. அவள் வீசும்போது நீங்கள் பின்னால் நிற்காதீர்கள், இடது பக்கம் உட்காருங்கள்.